ஆலோசனைக்குக் காசும் வேண்டாம், கணவரும் கூட வேண்டாம்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறேன். வயது 36. மகள் ஆறாம் ஆண்டு, மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறார்கள். நான் பள்ளிக் கேன்டீனில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். 14 வருடத்துக்கு முன் கோயிலில் தாலி கட்டினார், பதிவு எதுவும் செய்யவில்லை. குடித்தால் அடிப்பார். முன்பு மாதத்துக்கு ஒரு தடவை, இப்போது வாரத்துக்கு ஒரு தடவை. தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். மறுநாள் அவரே அழுதார். கோயில் தலைவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார், ஒரு மாதம் ஒழுங்காக இருந்தார். ஈப்போவில் ஒரு தனியார் மையத்தில் விசாரித்தேன். ஒரு மணி நேரத்துக்கு 180 வெள்ளி என்றார்கள், இருவரும் சேர்ந்து வந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். மாமியாரிடம் சொன்னதற்கு, "ஆலோசனையா? உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானில்தான் சேர்க்க வேண்டும்" என்றார். குறைந்த செலவில், தமிழில் பேசி, எங்கள் குடும்பத்தைச் சரிசெய்து கொடுக்கும் இடம் ஏதாவது இருக்கிறதா? அவரை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. வீட்டுக்குக் கடிதம் போட வேண்டாம். புதன்கிழமை மட்டும் அவர் லுமுட் பக்கம் போய்விட்டு இரவுதான் திரும்புவார்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு நடுவில் இருக்கும் ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. கழுத்தைப் பிடித்து அழுத்தினார் என்று எழுதிவிட்டு, மூச்சு விடாமல் அடுத்த வரியில் அவர் அழுத கதைக்குப் போய்விட்டீர்கள். அந்த வரியை முதலில் பேசிவிடுவோம்.

கன்னத்தில் அறைவதும் கழுத்தை நெரிப்பதும் ஒன்றல்ல. என்னைப் போல ஆலோசகர் தொழிலில் இருப்பவர்கள் ஒரு பெண்ணின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் பார்க்கும்போது கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, "கழுத்தில் கை வைத்திருக்கிறாரா?" என்பது. ஒரு தடவை கழுத்தில் கை வைத்தவர் பிறகு கொலை வரை போகும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். இன்னொரு விஷயம், கழுத்துக் காயம் வெளியே தெரியாமல் இருக்கலாம். தொண்டை கரகரப்பது, விழுங்கும்போது வலிப்பது, கண்ணில் ரத்தப் பொட்டு, தலைசுற்றல் எல்லாம் அதன் அடையாளங்கள். உள்ளே ரத்தக்குழாய் காயப்பட்டிருந்தால் சில நாள் கழித்துக்கூட பக்கவாதம் வரலாம். மறுபடி இப்படி நடந்தால் "தைலம் தேய்த்தால் சரியாகிவிடும்" என்று இருக்காதீர்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். எப்படிப் போவது, அங்கே என்ன கேட்பது என்று கீழே சொல்கிறேன்.

இப்போது உங்கள் கேள்வி. இடம் இருக்கிறது, காசு இல்லாமலே இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி, இருவரையும் உட்கார வைத்துச் சரிசெய்யும் இடத்தை நான் காட்டப் போவதில்லை. அடி நிற்காத வீட்டில் கணவன் மனைவியைச் சேர்த்து வைத்துப் பேசும் ஆலோசனை உதவாது, ஆபத்து. இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. இந்த வேலைக்கு வந்த புதிதில் நானே அந்தத் தப்பைச் செய்தேன். ஒரு தம்பதியை எதிரெதிரே உட்கார வைத்து, அந்தப் பெண்ணிடம் "மனதில் இருப்பதைத் தைரியமாகச் சொல்லுங்கள்" என்றேன். அவர் கணவரின் செருப்பையே பார்த்துக்கொண்டு, "ஒன்றுமில்லை மேடம், எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் விடவில்லை, தூண்டித் தூண்டிக் கேட்டேன். கடைசியில் இரண்டு வார்த்தை சொன்னார். அந்த இரண்டு வார்த்தைக்கும் வீட்டுக்குப் போகும் வழியிலேயே, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, அடி விழுந்திருக்கிறது. அடுத்த தடவை தனியாக வந்தபோது சொன்னார். அதற்குப் பிறகு அடி இருக்கும் வீட்டுக்காரர்களை நான் ஒரே அறையில் உட்கார வைப்பதில்லை.

கோயில் தலைவரும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். ஆனால் பஞ்சாயத்து என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. எல்லைத் தகராறுக்கு அது சரி. அடி வாங்குகிறவர் எதை விட்டுக்கொடுப்பது?

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகும் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே அந்த ஆசை தெரிகிறது. அவர் கடையில் குடிக்கிறார், லயத்து முனையில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் முனையில், மண்டோர் என்கிற கங்காணியைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறார். அங்கே யார் மேலும் கை வைப்பதில்லை. குடி அடியைக் கூட்டும், அது உண்மை. யாரை அடிப்பது என்பதை முடிவு செய்வது அவர்தான். குடிக்குச் சிகிச்சை வேண்டும் என்றால் அவர் தனியாகப் போகட்டும். அந்தப் பொறுப்பை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

சரி, நீங்கள் தனியாக எங்கே போவது?

முதலில் ஒரே ஒரு எண்: 15999. தாலியான் காசே என்று பெயர். காசே என்றால் மலாயில் அன்பு, நம் காசு அல்ல. உதவிக்குக் காசு கேட்கவும் மாட்டார்கள். மலேசிய மகளிர் அமைச்சு நடத்துவது, 24 மணி நேரமும் உண்டு. பேச முடியாத வீட்டில் இருப்பவர்கள் 019-261 5999 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பலாம். எடுப்பவர் மலாயில்தான் ஆரம்பிப்பார், பயப்பட வேண்டாம். "அடா ஓராங் சாக்காப் தமிழ்?", தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா, என்று முதல் வார்த்தையாகக் கேளுங்கள். அந்த நேரத்துக்குத் தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால், எப்போது இருப்பார் என்று கேட்டு வையுங்கள். கேன்டீனில் பேசும் மலாயே போதும், இலக்கணம் யாரும் பார்க்கப் போவதில்லை.

அடுத்து சமூக நல இலாகா, ஜே.கே.எம் என்று சொல்வார்களே, அது. நம் ஊர்க்காரர்கள் அதை வயதானவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் மாத உதவிப் பணம் கொடுக்கும் இடம் என்றே நினைத்திருக்கிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தைக் கையில் வைத்திருப்பதும் அவர்கள்தான், ஆலோசகர்களும் அங்கே இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் சேர்ந்தது, அதனால் உங்கள் மாவட்ட அலுவலகம் கோலகங்சாரில். ஈப்போவுக்குப் போய்க் கேட்டால் அங்கிருந்து திருப்பி அனுப்பிவிடக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீணாகக் கூடாது.

ஈப்போவுக்கே போக வசதி என்றால் பேராக் விமன் ஃபார் விமன் சங்கம் இருக்கிறது. பேராக்கில் அடி வாங்கும் பெண்களோடு பல வருடமாக வேலை செய்கிறவர்கள். கோலாலம்பூர் பக்கம் டபிள்யூ.ஏ.ஓ என்கிற பெண்கள் உதவி அமைப்பு, 1982 முதல் இயங்குகிறது. தொலைபேசி 03-3000 8858. பேச முடியாவிட்டால் 018-988 8058 என்ற எண்ணுக்குச் செய்தி அனுப்பலாம், அதற்குத் தீனா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு தங்கிக்கொள்ளும் காப்பகமும் அவர்களிடம் உண்டு, இடம் எங்கே என்று வெளியே சொல்வதில்லை. வடக்கே இருப்பவர்களுக்குப் பினாங்கில் டபிள்யூ.சி.சி, பெண்கள் நெருக்கடி மையம்.

இவர்களிடம் போனால் போலீஸ் ரிப்போர்ட் செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவார்களோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கிடையாது. பேசுவதற்கு மட்டும் போகலாம். நாலு தடவை பேசிவிட்டு ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கே திரும்பியவர்கள் உண்டு. ஐந்தாவது தடவை வந்தபோதும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

மாமியார் சொன்ன தஞ்சோங் ரம்புத்தான் பேச்சுக்கு வருகிறேன். பேராக்கில் பிறந்த எல்லாரும் இந்தக் கேலியைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம். 1911-இல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால் வந்த பேச்சு. ஆலோசகரிடம் போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், எதற்கெடுத்தாலும் நெஞ்சு படபடக்கிறது என்றால் பக்கத்து அரசாங்க கிளினிக்கில், கிளினிக் கெசிஹாத்தானில், ஒரு வெள்ளி கட்டி டாக்டரிடம் அதையும் சொல்லலாம். தேவைப்பட்டால் அவர்களே அடுத்த இடத்துக்குக் கடிதம் கொடுப்பார்கள். நிபுணரைப் பார்ப்பதற்கு ஐந்து வெள்ளி. 180 வெள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தனியாரில் நல்லவர்கள் இல்லை என்று சொல்லவில்லை, நானே அங்கே இருந்திருக்கிறேன். ஆனால் ஆலோசகர் என்று பலகை மாட்ட இந்த நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு வேண்டும். யாரிடம் போனாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள். முகம் கோணினால் எழுந்து வந்துவிடுங்கள். அடி வாங்குகிறேன் என்று நீங்கள் சொன்ன பிறகும் "கணவரையும் கூட்டி வாருங்கள்" என்று அந்த மையத்தில் சொல்லியிருந்தால், பதிவு இருந்தாலும் அது உங்களுக்கான இடம் அல்ல.

இனி தாலி விஷயம். பதிவு செய்யாததால் சட்டம் உங்களை மனைவியாகவே பார்க்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது, கடிதத்தில் அதை எழுதும்போது கை கூசியது தெரிகிறது. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இதை யோசித்தே எழுதப்பட்டது. மதத்தின்படியோ வழக்கத்தின்படியோ சடங்கு நடந்திருந்தால் போதும், பதிவு இல்லாவிட்டாலும் அந்தச் சட்டத்துக்கு நீங்கள் மனைவிதான். கோயிலில் எடுத்த கல்யாணப் படம், அழைப்பிதழ், பார்த்த சாட்சி இவையெல்லாம் உதவும். விவாகரத்து, ஜீவனாம்சம் என்று வரும்போது பதிவில்லாதது சிக்கல்தான், அதைச் சட்ட உதவி இலாகாவில், பிரோ பந்துவான் குவாமான் என்று முன்பு சொல்வோமே, அங்கே தனியாகக் கேட்க வேண்டும். இன்றைக்கு அது முதல் வேலை அல்ல.

அந்தச் சட்டத்தில் உங்களுக்கு உடனே பயன்படும் ஒன்று 2017 திருத்தத்தில் வந்தது, அவசரப் பாதுகாப்பு ஆணை. போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை, நீதிமன்றமும் போக வேண்டாம். அடித்துக் காயப்படுத்தினார், அல்லது காயப்படுத்துவார் என்று பயமாக இருக்கிறது என்று சொன்னால் சமூக நல அதிகாரியே கொடுப்பார். 7 நாள் செல்லும். அவர் உங்களைத் தொடக் கூடாது, ஆள் வைத்தும் தொடக் கூடாது, நீங்கள் இருக்கும் இடத்துக்குள் வரக் கூடாது. 7 நாள் என்பது கொஞ்சம்தான். ஆனால் தூங்கி எழுந்து, தெளிவாக யோசித்து, சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதா, ரிப்போர்ட் செய்வதா என்று முடிவெடுக்க ஒரு வாரம் பெரிய விஷயம்.

ரிப்போர்ட் செய்தால் என்ன ஆகும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். போலீஸ் அவரைக் கைது செய்து விசாரிக்கலாம், அந்த அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. "ஒன்றும் செய்ய மாட்டார்கள், பயப்படாதீர்கள்" என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். விசாரணை நடக்கும்போது சமூக நல அதிகாரி உங்களை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போய் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை வாங்கித் தருவார், வக்கீல் தேவையில்லை. விசாரணை முடியும் வரை அது நிற்கும். வழக்கு என்று போனால் நீதிமன்றம் 12 மாதம் வரை பாதுகாப்பு ஆணை தரலாம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். அவரையே மறுவாழ்வு ஆலோசனைக்குப் போகச் சொல்லி உத்தரவு போடவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. அவர் திருந்த வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு, கோயில் மண்டபத்தைவிட அந்த உத்தரவுக்குப் பலம் அதிகம்.

பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், சில சமயம், "இது குடும்ப விஷயம், வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்பவர் உண்டு. நான் கூடப் போன இடத்திலேயே கேட்டிருக்கிறேன். அப்போது "கெகானாசான் ரூமா தாங்கா, ஆக்தா 521" (குடும்ப வன்முறை, சட்டம் 521) என்று சொல்லுங்கள், ரிப்போர்ட்டிலும் அந்த வார்த்தைகள் இருக்கட்டும். நகலையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

தோட்டத்துப் பெண்களுக்கு உள்ள பெரிய முடிச்சை டவுன்காரர்கள் பலர் புரிந்துகொள்வதில்லை: வீடு. லயத்து வீடு கம்பெனியுடையது, வேலை அவருடையது, ஆகவே வீடும் அவர் பெயரில். வெளியே போனால் ஒரே நாளில் கூரை, பள்ளிக்கூடம், வேலை மூன்றும் போகும் என்பதால்தான் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். நீதிமன்றம் பாதுகாப்பு ஆணையோடு சேர்த்து, வீடு யார் பெயரில் இருந்தாலும், அவரை வெளியேற்றி நீங்களும் பிள்ளைகளும் மட்டும் குடியிருக்க உத்தரவிட முடியும். அதைக் கேட்க வேண்டும், கேட்காமல் தானாக வராது. சமூக நல அதிகாரி மனு எழுதும்போதே, "வீட்டில் நான் இருக்க வேண்டும், அவர் வெளியே இருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். பிறகு கம்பெனி வீட்டைத் திருப்பிக் கேட்டால் அது வேறு சண்டை. ஆனால் அதற்குள் அவகாசம் கிடைக்கும்.

லயத்தின் இன்னொரு குணம், சுவர் மெல்லியது. நானும் லயத்தில் பிறந்தவள்தான். பக்கத்து வீட்டில் அம்மிக்கல் உருண்டால் எங்கள் வீட்டில் கேட்கும். அப்படியென்றால் உங்கள் வீட்டில் நடப்பது எத்தனை வீட்டுக்குத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். தெரியாத மாதிரி இருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வாயாடி வேண்டாம், துணிச்சல்காரி வேண்டும். அவரோடு ஒரு வார்த்தை பேசி வையுங்கள். என்னிடம் வந்த ஒரு பெண், "அக்கா, தேங்காய் இருக்கா?" என்று மகளை அனுப்பினால் பக்கத்து வீட்டுக்காரர் அவசர எண் 999-ஐ அழைக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார். இரண்டு தடவை அந்தத் தேங்காய்தான் காப்பாற்றியது.

ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அடி வாங்கி வருகிறவர்களுக்கென்று ஓ.எஸ்.சி.சி (ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்) என்ற ஏற்பாடு உண்டு. 1994-இல் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்துப் பிறகு நாடெங்கும் வந்தது. கவுண்டரில் சத்தமாக எல்லாம் சொல்ல வேண்டாம், "ஓ.எஸ்.சி.சி" என்றால் போதும், தனி அறைக்கு அழைத்துப் போவார்கள். ரிப்போர்ட் செய்யாமலும் சிகிச்சை கிடைக்கும். டாக்டரிடம் படிக்கட்டில் விழுந்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். யார் செய்தார், எந்தக் கையால், எவ்வளவு நேரம், மயக்கம் வந்ததா என்று சொன்னால் அது அப்படியே பதிவாகும். இன்று வழக்கு வேண்டாம் என்று இருந்தாலும், ஒரு வருடம் கழித்து மனம் மாறினால் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

மைகாட் (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் புத்தகம், கல்யாணப் படம் எல்லாவற்றையும் படம் பிடித்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, உங்கள் கைப்பேசியில் அழித்துவிடுங்கள். அசலை ஒரே பையில் வைத்தால் சந்தேகம் வரும், பள்ளிப் புத்தகங்களுக்கு நடுவில் இருக்கட்டும்.

மகள் ஆறாம் ஆண்டு என்கிறீர்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். நடுவில் வந்து அப்பாவைத் தடுக்காதே, தம்பியைக் கூட்டிக்கொண்டு தேங்காய் கேட்கப் போ என்று மட்டும் சொல்லி வையுங்கள். நேரம் கிடைத்தால் பள்ளியில் ஆலோசனை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை போடுங்கள், நீங்கள் அங்கேயே வேலை செய்வதால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

புதன்கிழமை என்று எழுதியிருந்தீர்கள். காலை இடைவேளைக் கூட்டம் அடங்கியதும், கேன்டீன் பின்பக்கத்தில் இருந்து, முடிந்தால் கூட வேலை செய்பவரின் கைப்பேசியில் 15999-ஐ அழையுங்கள். முழுக் கதையும் சொல்ல வேண்டாம். "என் வீட்டுக்காரர் அடிக்கிறார், ஒரு தடவை கழுத்தைப் பிடித்தார், கோலகங்சார் மாவட்டம், தமிழில் பேச ஆள் வேண்டும்." இவ்வளவு போதும், மற்றதை அவர்கள் கேட்பார்கள். உங்கள் கைப்பேசியில் அழைத்தால் அழைப்புப் பட்டியலில் இருந்து அதை நீக்கிவிடுங்கள்.

கடிதத்தின் கீழே உங்கள் வாட்ஸ்அப் எண்ணையும் எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் ஒன்றும் அனுப்பவில்லை, நான் அனுப்பும் நேரத்தில் கைப்பேசி யார் கையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தோட்டத்தின் பெயரையும் வெளியிடவில்லை, உறையைக் கிழித்துவிட்டேன்.